பக்கவாதத்துக்குப் பிறகு மனம் மாறினால்: எப்படிப் பிரித்தறிவது, என்ன செய்வது

பக்கவாதத்தில் கை விழுந்தால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதே மனிதர் மூன்று வாரமாகச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாலோ, யாரோ பெயர் சொல்லி அழைத்ததற்கே விம்மி அழுதாலோ, பெற்ற மகளையே 'இவள் யாரோ, என் மகள் இல்லை' என்றாலோ, 'வருத்தம் இருக்கத்தானே செய்யும்', 'வயசானா பிடிவாதம்தான்' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். கையை விழச் செய்த அதே ரத்தக்குழாய் நோய்தான் பெரும்பாலும் இதையும் செய்திருக்கும்.

முன்மூளையிலிருந்து மூளையின் ஆழத்திலுள்ள காடேட், தாலமஸ் போன்ற பகுதிகளுக்குப் போய்த் திரும்பும் நரம்புப் பாதைகள்தான் ஊக்கம், நிதானம், உணர்ச்சிக் கட்டுப்பாடு ஆகியவற்றைத் தாங்குகின்றன. அந்த ஆழத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ளவை. நெடுநாள் உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் அவற்றின் சுவரைத் தடிக்க வைத்து அடைக்கின்றன. 15 மில்லிமீட்டருக்கு உட்பட்ட ஒரு சிறு அடைப்புத் தழும்பு, கை கால் எதையும் தொடாமல் ஆளை மட்டும் மாற்றிவிடக்கூடும்.

வெளியிலிருந்து பார்த்தால் பல கோளாறுகளுக்கு ஒரே முகம்தான். சும்மா உட்கார்ந்திருப்பதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு, அழுகைக்கு இரண்டு. மருந்தும் அணுகுமுறையும் ஒவ்வொன்றுக்கும் வேறு. அதனால் முதல் வேலை, எது என்று பிரித்துப் பார்ப்பது.

எவ்வளவு வேகமாக மாறினார்?

எல்லாவற்றுக்கும் முன் இதைக் கேளுங்கள். மாற்றம் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்திருந்தால், மனநல மருத்துவரிடம் நாள் குறித்துக் காத்திருக்கக் கூடாது. உடலில் இப்போதே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

சர்க்கரை நோயாளி என்றால் உடனே விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சோதியுங்கள். 70 மி.கி.க்குக் கீழே இருந்தால், அந்தக் குழப்பத்துக்கும் கோபத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். விழித்திருந்து நன்றாக விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரை கொடுங்கள். அடுத்து, சிரிக்கச் சொல்லி வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா, இரு கைகளையும் நீட்டச் சொல்லி ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள். அவர் 'கடைசியாக நன்றாக இருந்த நேரம்' எது என்று எழுதிக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள்தான் போடுவார்கள். மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான். வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் பார்க்காமல் தெரியாது.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. மூளையின் இடப்பக்கத்தில் சொற்பொருள் உணரும் பகுதி அடைபட்டால், கை கால் நன்றாகவே இருக்கும். பேச்சும் சரளமாக வரும். ஆனால் அர்த்தமில்லாத சொற்களாக வரும். நாம் சொல்வதும் அவருக்குப் புரியாது. திடீரென்று உளறுகிறார், கோபப்படுகிறார் என்று அவரை மனநோயாளியாக நினைத்துவிடுகிறார்கள். சைகை எதுவும் காட்டாமல், 'கண்ணை மூடுங்கள்', 'நாக்கை நீட்டுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ஒரு பேனாவைக் காட்டிப் பெயர் கேளுங்கள். இரண்டிலும் தடுமாறினால் அதைப் பக்கவாதமாகவே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

வேகமாக வரும் இன்னொன்று தீவிர மனக்குழப்பம். பக்கவாதம் வந்த முதல் வாரத்தில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இது வருகிறது. பிறகும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். காலையில் தெளிவாக இருப்பார். மாலையில் இது எந்த இடம் என்று கேட்பார். கவனம் நிற்காது. கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். பேச்சு வருகிற ஒருவர், முன்பு முடிந்ததை இன்று பாதியில் விட்டுவிட்டு வேறெதையோ பார்த்தால் சந்தேகம் வலுக்கிறது. கத்துபவரை எல்லோரும் கவனிக்கிறார்கள். பகலெல்லாம் மந்தமாகச் சுருண்டு கிடப்பவருக்கும் இதே குழப்பம் இருக்கலாம். அவரைத்தான் 'நன்றாகத் தூங்குகிறார்' என்று விட்டுவிடுகிறோம்.

காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்: சிறுநீர் கடைசியாக எப்போது போனார், அடிவயிறு உப்பியிருக்கிறதா, எத்தனை நாளாக மலம் போகவில்லை, காய்ச்சல், சாப்பிடும்போது புரையேறியது, அதன்பின் இருமல், வலி, தண்ணீர் குறைவு, கடந்த பத்து நாளில் சேர்த்த அல்லது நிறுத்திய மருந்து. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமின், சிறுநீர் அவசரத்துக்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின், எந்தத் தூக்க மாத்திரையும் அடிபட்ட மூளையைக் கலக்கிவிடும். தினமும் மது குடித்தவர் மருத்துவமனையில் திடீரென நிறுத்தியிருந்தால் இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் பிரமையும் வரும். மருத்துவரிடம் மறைக்கவே கூடாத தகவல் இது. ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர் லேசாக விழுந்திருந்தால்கூடச் சொல்லுங்கள். மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் இரண்டு மூன்று வாரம் கழித்து மந்தமாகவும் குணமாற்றமாகவும் வெளிப்படலாம்.

இரண்டு வாரக் குறிப்பேடு

மாற்றம் மெதுவாக வந்திருந்தால், மருத்துவரைப் பார்க்க நாள் வாங்கிவிட்டு, அதுவரை தினமும் எழுதுங்கள். தூங்கிய மணி நேரம், எத்தனை முறை விழித்தார், சாப்பிட்ட அளவு, தானாகத் தொடங்கிய காரியம் ஒன்றாவது உண்டா, அழுகை அல்லது கோபம் எத்தனை முறை, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. 'ரொம்ப அழறார்' என்று சொல்வதைவிட, 'நாளுக்கு ஆறு முறை, ஒவ்வொன்றும் அரை நிமிடம், பெரும்பாலும் பேரன் பேச்சு வந்தால்' என்று சொல்வது நோயையே பாதி காட்டிக்கொடுக்கும். பக்கவாதத்துக்கு முந்தைய குணத்தையும் ஒரு பக்கம் எழுதிவையுங்கள். மருத்துவர் இவரை இப்போதுதான் பார்க்கிறார். முன்பு எப்படி இருந்தார் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

மனச்சோர்வு, நாட்டமின்மை, அடங்காத அழுகை

அதிகம் குழப்பிக்கொள்வது இந்த மூன்றையும்தான்.

மனச்சோர்வு, பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஏதாவதொரு கட்டத்தில் வருகிறது. முதல் ஆண்டில் அதிகம். இடப்பக்க முன்மூளை அடிபட்டால்தான் வரும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது நிலைக்கவில்லை. எந்தப் பக்கம் அடிபட்டிருந்தாலும் கவனியுங்கள்.

தூக்கக் குறைவு, களைப்பு, பசியின்மை ஆகியவை பக்கவாதத்தாலேயே வரலாம் என்பதால் அவற்றை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. இரண்டு கேள்விகள்தான் முக்கியம்: பெரும்பாலான நாளும் மனம் கனத்துக் கிடக்கிறதா, முன்பு பிடித்தது எதிலாவது இன்னும் சுகம் இருக்கிறதா. இரண்டு வாரம் இப்படியே போனால் சிகிச்சை தேவை. மருத்துவமனையில் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளை நிரப்பச் சொல்வார்கள். 27க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு ஆராய்வார்கள்.

பேச்சு இழந்தவரிடம் இந்தத் தாள் பயன்படாது. தலையாட்டுவதையும் அப்படியே நம்பாதீர்கள். முதலில் விடை தெரிந்த கேள்வி ஒன்றைக் கேளுங்கள்: 'உங்களுக்கு இரண்டு பிள்ளைகளா?' பிறகு அதையே மாற்றி, 'ஐந்து பிள்ளைகளா?' இரண்டுக்கும் ஆமாம் என்றால் அந்தத் தலையாட்டலுக்கு மதிப்பில்லை. பயிற்சிக்கு வர மறுப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, தட்டைத் தள்ளுவது, விடியுமுன் விழித்துக் கிடப்பது, யார் வந்தாலும் முகம் மலராதது ஆகியவற்றைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும்.

சாக நினைக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. பலருக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே ஆறுதலாகும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரைகள், இன்சுலின், பூச்சிமருந்து, கூரிய பொருள்கள் எல்லாவற்றையும் பூட்டிவைத்துவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

மருந்து என்றால் பொதுவாக செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் வகையில் ஒன்றைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். செர்ட்ராலின் என்றால் பலருக்கு 25 மி.கி.யில் தொடங்குவார்கள். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் வரலாம், பலன் தெரியாது. அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பின் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நான்கு விஷயங்களில் கண் வையுங்கள். முதலாவது சோடியம். வயதானவருக்கு, அதிலும் சிறுநீர் பிரிக்கும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு, முதல் சில வாரங்களில் சோடியம் இறங்கி மந்தம், தள்ளாட்டம், குழப்பம் வரலாம். தொடங்கி இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். இரண்டாவது ரத்தக்கசிவு: ஆஸ்பிரின் அல்லது ரத்தத்தை இளக்கும் மருந்தோடு இதுவும் சேரும்போது கசிவு வாய்ப்பு கூடும், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் என்று தானாக வாங்கிப் போட்டால் இன்னும் கூடும். டிராமடால் வலி மாத்திரையையும் இதோடு சேர்க்கக் கூடாது. மூன்றாவது, ரத்தக்கட்டியைத் தடுக்கும் க்ளோபிடோகிரல் சாப்பிடுபவருக்கு, மனச்சோர்வு மாத்திரைகளான ஃப்ளூவாக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸமின் இரண்டும் அதன் வேலையைக் குறைக்கக்கூடும், மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். நான்காவது எலும்பு. பக்கவாத நோயாளிகள் எல்லோருக்கும் ஃப்ளூவாக்ஸெட்டின் 20 மி.கி. ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த மூன்று பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2018க்கும் 2020க்கும் இடையில் வந்தன. மனச்சோர்வு ஓரளவு குறைந்தது. கை கால் இயக்கம் தேறவில்லை. எலும்பு முறிவு கூடியது. ஆகவே வருமுன் காக்கவென்று எல்லோருக்கும் இதைக் கொடுப்பதில்லை. வந்தவருக்குக் கொடுக்கத் தயங்குவதுமில்லை.

மருந்தோடு தினமும் ஒரு சிறு காரியம் வேண்டும். மனசு வந்தால் செய்யலாம் என்று காத்திருந்தால் வராது. செய்யத் தொடங்கிய பின்தான் மனசு வரும். முன்பு பிடித்திருந்த ஒன்றைப் பத்து நிமிட அளவுக்கு நறுக்கி, களைப்பு குறைந்த வேளையில், நாளும் ஒரே நேரத்தில் வையுங்கள்.

நாட்டமின்மை வேறு. இவர் வருந்துவதில்லை. சாவைப் பற்றிப் பேசுவதில்லை. 'எப்படி இருக்கிறீர்கள்?' என்றால் 'நன்றாக இருக்கிறேன்' என்பார், அது உண்மையும்கூட. ஆனால் தூண்டாவிட்டால் நாள் முழுக்க அதே நாற்காலி. கையில் பிரஷைக் கொடுத்தால் பல் தேய்ப்பார். கொடுக்காவிட்டால் தேய்க்க மாட்டார். மூளையில் 'தொடங்கு' என்று சொல்லும் பாதை அறுந்திருக்கிறது. வீட்டில் அதிகச் சண்டையை மூட்டுவது இதுதான், ஏனென்றால் அப்படியே சோம்பல் போலத் தெரியும். திட்டினால் பலன் இல்லை. 'என்ன செய்யலாம்?' என்ற திறந்த கேள்வியும் வேலைக்காகாது. 'நடக்கலாமா, பாட்டு கேட்கலாமா?' என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் கையைப் பிடித்து எழுப்பி முதல் அடியை நீங்களே தொடங்கி வையுங்கள். கடிகாரத்தில் மணி அடிக்க வைத்து, ஒவ்வொரு மணிக்கும் ஒரு காரியம் என்று பழக்குங்கள். மனச்சோர்வு மாத்திரை இதற்குப் பெரும்பாலும் உதவாது. சிலருக்கு அதுவே நாட்டத்தை இன்னும் மழுக்கும். மாத்திரை தொடங்கிய பிறகு அழுகை நின்று ஆள் மரம்போல் ஆகிவிட்டால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடங்காத அழுகையும் சிரிப்பும் மூன்றாவது. நொடிகளில் பீறிட்டு ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும். காரணம் அற்பமாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. சாவு வீட்டில் சிரிப்பு வரலாம். கேட்டால், 'எனக்கு வருத்தமே இல்லை, ஏன் அழறேன்னு தெரியலை' என்பார். உணர்ச்சியின் வெளிப்பாட்டை அடக்கிவைக்கும் கட்டுப்பாடு தளர்ந்ததால் வருவது இது. அழும்போது கட்டிப்பிடித்துத் தேற்றினால் நீளும். பேச்சை மாற்றுங்கள், உட்காரும் நிலையை மாற்றச் சொல்லுங்கள், மெல்ல மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். பார்க்க வருபவர்களிடம் முன்கூட்டியே, 'கண்ணீர் வந்தால் கவனிக்காமல் பேச்சைத் தொடருங்கள்' என்று சொல்லிவிடுங்கள். இந்த வெட்கத்தாலேயே பலர் ஆட்களைத் தவிர்க்கிறார்கள். பிறகு உண்மையான சோர்வும் சேர்ந்துவிடுகிறது. நாளுக்குப் பலமுறை வந்தால் மருந்து உண்டு: மேலே சொன்ன அதே வகை மாத்திரை, குறைந்த அளவில். மனச்சோர்வுக்குப் பல வாரம் எடுப்பது இதற்குச் சில நாட்களிலேயே கேட்பதுண்டு. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் குயினிடினும் சேர்ந்த மருந்தும் உண்டு. அதற்கு முன் இ.சி.ஜி. பார்த்தே ஆக வேண்டும், குயினிடின் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும்.

மூன்றும் ஒருவருக்கே சேர்ந்தும் இருக்கலாம். குறிப்பேடு அப்போதுதான் கைகொடுக்கும்.

கோபம், சந்தேகம், பிரமை

முடியாத காரியத்தைச் செய்யச் சொன்னவுடன் வெடித்துத் தட்டை எறிவது, பேச்சு இழந்தவர்களிடம் அதிகம். அந்தக் காரியத்தை அங்கேயே நிறுத்தி, சத்தத்தைக் குறைத்து, அரை மணி கழித்துச் சிறு துண்டாக மீண்டும் கொடுங்கள். வலிப்புக்காக லெவிடிரசிட்டம் தொடங்கிய பிறகு எரிச்சல் வந்திருந்தால் அந்த மருந்தே காரணமாகலாம். தானாக நிறுத்தினால் வலிப்பு திரும்பும். மாற்று மருந்து கேளுங்கள்.

வலப்பக்க மூளை அடிபட்டவர், 'எனக்குக் கை விழவில்லை' என்றே சாதிக்கலாம். இடக்கையைக் காட்டினால் அது வேறொருவர் கை என்பார். பிடிவாதமும் பொய்யும் அல்ல, உடலின் அந்தப் பாதியைப் பற்றிய உணர்வே மூளையில் இல்லை. வாதிட்டு வெல்ல முடியாது. எழுந்து நடக்கப் பார்த்து விழுவார் என்பதால் கட்டிலைத் தாழ்த்துங்கள், தண்ணீரையும் அழைப்பு மணியையும் அவர் கவனிக்கும் பக்கம் வையுங்கள். பெரும்பாலும் வாரங்களில் குறையும்.

பார்வையின் ஒரு பாதியை இழந்தவருக்கு அந்தப் பாதியில் உருவங்கள், ஆட்கள் தெரிவதுண்டு. பலருக்கு அது பொய்த் தோற்றம் என்று தெரியும். பைத்தியம் என்பார்களோ என்று பயந்து சொல்வதில்லை. விளக்கிச் சொன்னாலே பாதி பயம் போகும். பிரமை புதிதாகத் தொடங்கினால் தீவிர மனக்குழப்பமா, வலிப்பா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெற்ற மகளை வேறு ஆள் என்பது, பொருளைத் திருடிவிட்டாள் என்பது போன்றவற்றில் வழக்காடாதீர்கள். 'பயமாக இருக்கிறதா, நான் கூடவே இருக்கிறேன்' என்று உணர்வுக்குப் பதில் சொல்லிவிட்டுப் பொருளைச் சேர்ந்து தேடுங்கள். மனநோய் அடக்கும் மருந்துகள் டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ள முதியவர்களுக்குப் பக்கவாதத்தையும் மரணத்தையும் கூட்டுகின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் அந்த மரண ஆபத்தைக் குறித்துக் கடும் எச்சரிக்கை விடுத்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில் மட்டும், மிகக் குறைந்த அளவில், நிறுத்தும் தேதியையும் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டிய மருந்து அது.

பக்கவாதமே வராதவருக்கும்

அறுபதைத் தாண்டி வாழ்க்கையில் முதல்முறையாக மனச்சோர்வு வருகிறது. கூடவே யோசனை மெதுவாகிறது, குறுகிய அடியெடுத்து நடக்கிறார், சிறுநீர் அவசரம் வருகிறது, கணக்குவழக்கைத் திட்டமிட முடியவில்லை, ஆனால் நினைவு ஓரளவு நன்றாகவே இருக்கிறது. இந்தச் சேர்க்கையைப் பார்த்தால் மூளையின் நுண்குழாய் நோயைச் சந்தேகிக்க வேண்டும். 1997இல் இதற்குக் 'குழாய்வழி மனச்சோர்வு' என்ற கருத்தை முன்வைத்தார்கள். நினைவை மட்டும் சோதிக்கும் கேள்விகளில் இவர்கள் தேறிவிடுவார்கள். திட்டமிடலையும் வேகத்தையும் சோதிக்கும் மோகா தேர்வைக் கேளுங்கள். எம்.ஆர்.ஐ.யில், மூளைக்குள் நரம்பிழைகள் செல்லும் இடங்களில் வெண்மையான திட்டுகள் தெரியும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அறுபதுக்கு மேல் பலருக்கு அந்தத் திட்டுகள் கொஞ்சம் இருக்கவே செய்யும். படத்தை மட்டும் பார்த்து நோயை முடிவு செய்யக் கூடாது. தைராய்டு, பி12, சோடியம், ரத்தசோகை பார்த்தாக வேண்டும். முப்பதுகளில் ஒளிக்கீற்றுடன் வரும் ஒற்றைத் தலைவலி, நாற்பது ஐம்பதில் பக்கவாதம், மனநிலைக் கோளாறு என்று குடும்பத்தில் தலைமுறைதோறும் தொடர்ந்தால் காடசில் என்ற பரம்பரை நோய் இருக்கலாம். அதன் காரணமான நாட்ச்3 மரபணு 1996இல் கண்டறியப்பட்டது.

மருத்துவரிடம் போகும்போது

குறிப்பேடு, எல்லா மருந்து அட்டைகளும், ஸ்கேன் படத்தோடு அறிக்கையும், ஒரு வார ரத்த அழுத்தக் கணக்கு. அழுத்தம் அளக்குமுன் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, விழாத கையில், கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி, இரண்டு முறை அளந்து எழுதுங்கள். பக்கவாதம் வந்த பலருக்கும் இலக்கு 130/80க்குக் கீழே. எழுந்து நின்றவுடன் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அதையும் சொல்லுங்கள். அந்தத் தலைசுற்றலைத்தான் சிலர் 'பதற்றம்' என்கிறார்கள். இரவில் சத்தமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நிற்கிறது என்றால் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் பாதிக்கு மேல் இந்தக் கோளாறு இருக்கிறது. பகல் மந்தத்துக்கும் எரிச்சலுக்கும் சிகிச்சை அங்கே கிடைக்கலாம்.

மனச்சோர்வைப் பற்றி ஒருமுறை கேட்டு இல்லை என்று வந்தாலும் விட்டுவிடாதீர்கள். மருத்துவமனையை விட்டு வரும்போது, ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம், ஓராண்டு முடிவில் அதே கேள்விகளை மீண்டும் கேளுங்கள். பயிற்சி முடிந்து ஆட்கள் வருவது குறைகிற மாதங்களில்தான் பலருக்கு முதல்முறையாக விடை மாறுகிறது.